சுண்ணாம்பு அடித்தது யார்?

2023 ஏப்ரல் மாதம். அம்பேத்கர் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, எங்கள் காலனி சமுதாயக்கூடத்துச் சுவரில் நாங்கள் வரைந்த படத்தின் மேல் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். விடியற்காலம் தண்ணி பிடிக்கப் போன பொண்ணு ஒருத்தி குடத்தைக்கூட எடுக்காமல் ஓடிவந்து சொன்னாள்: "அக்கா, நம்ம பறைக்காரியக் காணோம்."

ஊர்க்காரன் வேலைதான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, முடிவே கட்டிவிட்டேன். 1989ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எந்தப் பிரிவு வரும் என்று மனசுக்குள் புகார் மனு ஓட ஆரம்பித்துவிட்டது. மத்தியானத்துக்குள் உண்மை தெரிந்துபோனது. சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருந்த வாளி என் சித்தப்பா வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தது. அடித்தவன் என் தம்பி. கூடப் பிறக்காத குறைதான், நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனோடு இன்னும் நாலு பேர். எல்லாம் படித்த பசங்க. நீலத் துண்டு போட்ட பசங்க.

அந்த வாளியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஊர்க்காரனைப் பற்றி எழுத வேண்டாமா என்றால், எழுதணும், இன்னும் நூறு வருசத்துக்கு எழுதணும். ஆனால் இந்த வாளி நம்ம வீட்டு வாளி. இதை நாம்தான் எழுதியாக வேண்டும். நாம் எழுதாவிட்டால் அடுத்தவன் எழுதுவான், எழுதி நம்மைக் கேலி செய்வான்.

*

என்ன வரைந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனத்துக்குப் பக்கம் எங்கள் காலனி. மெயின் ரோட்டில் இறங்கி ஊருக்குள் போகிறவன் எங்கள் சமுதாயக்கூடத்தைத் தாண்டித்தான் போகணும். அந்தச் சுவர் வருசம் பூரா சும்மா கிடக்கும். தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் மூலைக்கு மூலை பெயரை எழுதி 'ரிசர்வ்' என்று போட்டுவிட்டுப் போவார்கள். ஏப்ரல் 14க்கு எங்கள் பசங்க நீல எழுத்தில் முழக்கம் எழுதுவார்கள். எங்கள் இரவுப் பாடசாலைக்கு எட்டுப் பொண்ணுங்க வர்றாங்க. பாதிப் பேர் பள்ளிக்கூடம், பாதிப் பேர் விடியற்காலம் கம்பெனி வண்டி ஏறி வேலைக்குப் போறவங்க. அவங்க கேட்டாங்க: "வருசா வருசம் அண்ணனுங்கதான் சுவத்துல எழுதறாங்க. நாங்க எழுதனா சுவரு இடிஞ்சிடுமா?"

இடியாது என்று நானும் நம்பினேன்.

எங்களுக்குத் தொழில் கற்றுத்தந்தவர் ஒரு திருநங்கைத் தோழி. சின்ன வயசில் விழுப்புரத்தில் ஒரு பேனர் ஆர்ட்டிஸ்ட்டிடம் எடுபிடியாக இருந்து பிரஷ் பிடிக்கப் படித்தவர். டிஜிட்டல் பேனர் வந்து கைவேலையை விழுங்கிய பிறகு பிரஷைக் கீழே வைத்தவர். நூலில் நீலப்பொடி தடவி, இரண்டு பேர் இழுத்துப் பிடித்து, சுண்டிவிட்டுச் சுவரில் கட்டம் போட அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நோட்டுத் தாளில் இருக்கிற படம் கட்டம் கட்டமாக வளர்ந்து எட்டடி ஆகிவிடுகிறது. வெள்ளை எமல்ஷன் ஒரு டப்பா, கலர் ட்யூப் ஆறு. பகலில் எல்லோருக்கும் வேலை. அதனால் மூன்று ராத்திரி, ஒரு டியூப்லைட் வெளிச்சத்தில். வழியில் போன ஒருத்தன் நின்று அவரைப் பார்த்து, "நீ ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்டான். அவர் கையை நிறுத்தாமலே சொன்னார்: "ரெண்டு கட்டம் தள்ளி நில்லு, நெழல் விழுது."

நாலு படம். முதலில் கையில் புத்தகத்தோடு அம்பேத்கர். அடுத்து சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பொண்ணு. மூன்றாவது, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, வாயைத் திறந்து கத்திக்கொண்டு பறை அடிக்கிற பொம்பள. நாலாவது, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பைப்படியில் குந்தி பாத்திரம் கழுவுகிற ஆம்பள. கீழே ஒரே வரி: 'தெரு எங்களுக்கும்தான்.'

சுண்ணாம்பு எங்கே விழுந்தது என்பதைக் கவனியுங்கள். அம்பேத்கர் மேல் விழவில்லை. சைக்கிள் பொண்ணு மேலும் விழவில்லை. பறைக்காரி மேலும் பாத்திரம் கழுவுகிறவன் மேலும் மட்டும் பார்த்துப் பார்த்து, அளந்து அடித்திருக்கிறார்கள். அம்பேத்கர் தோளில் ஒரு சொட்டு தெறித்ததைக்கூடத் துணியால் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வளவு பக்தி.

*

"சுவத்துல ஒரு படம், அதுக்கு இவ்ளோ பேச்சா?" என்று கேட்கிற தோழர்களுக்கு ஒன்று சொல்லணும். சுவர் நமக்குச் சாதாரண விசயம் கிடையாது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் கட்டிய தீண்டாமைச் சுவரில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட 2008 மே மாதம் வரைக்கும் போராட வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலம், மழையில் ஊறிய சுற்றுச்சுவர் சரிந்து தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். சுவர் என்றால் நகரத்து ஓவியருக்குக் காலியான பரப்பு. நமக்கு அது எல்லைக்கோடு. இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று சொல்வதற்காகவே எழுப்பியது.

தெருவும் அப்படித்தான். தெருவில் ஏற்கெனவே படம் இருக்கிறது. எழுத்து இருக்கிறது. யாரும் அதைக் கலை என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஆம்பள ஒண்ணுக்குப் போகிறான். அதைத் தடுக்க அந்தச் சுவரிலேயே பிள்ளையார், மாதா, மெக்கா மூன்று டைல்ஸையும் வரிசையாகப் பதிக்கிறார்கள். சாமியை நிறுத்தினால்தான் அவன் நிறுத்துவான். பொம்பளைக்கு மட்டும் இருட்டுகிற வரைக்கும் அடக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆண் என்றால் யார், பெண் என்றால் யார் என்று நம் தெருச் சுவர் தினமும் இப்படிப் பாடம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறது.

அப்புறம் பேனர். வயசுக்கு வந்த பன்னிரண்டு வயசுப் பொண்ணைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்து, தலையில் கிரீடம் வைத்து, 'பூப்புனித நீராட்டு விழா' என்று முச்சந்தியில் நிற்க வைக்கிறார்கள். சுற்றிலும் மாமன்மார் முகம். மேலே சாதிச் சங்கத் தலைவர், பக்கத்தில் சிங்கமும் புலியும். இந்தப் பொண்ணு எங்கள் சாதிச் சொத்து, இப்போது கல்யாணத்துக்குத் தயார், கண் வைத்தால் கை இருக்காது. அந்தப் பேனரில் எழுதாமல் எழுதியிருக்கிற செய்தி இதுதான். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் சிக்கிச் செத்துப்போனாள். அப்போதுதான் நாட்டுக்குப் பேனர் உறுத்தியது. வயசுக்கு வந்த பொண்ணுங்களை எத்தனை பேனரில் மாட்டினோம், அது யாருக்கும் உறுத்தவில்லை.

ஊர்த்தெருவில் மட்டுமா இந்தப் பேனர்? நம் காலனி முனையிலும் இருக்கிறது. நம் பேனரில் மேலே அம்பேத்கர், கீழே கிரீடம் வைத்த பொண்ணு. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அம்பேத்கர் என்ன சொன்னார்? சாதி நிலைப்பதே அகமணத்தால்தான் என்றார். அகமணத்தைக் காப்பாற்ற விதவையை எரித்தார்கள், எரிக்காத இடத்தில் மூலையில் உட்கார வைத்தார்கள், சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கட்டிக்கொடுத்தார்கள் என்று விளக்கினார். பெண் உடம்புக்குப் போடுகிற பூட்டுதான் சாதிக்குப் போடுகிற பூட்டு. அதைக் கண்டுபிடித்தவர் படத்துக்குக் கீழேயே அந்தப் பூட்டைத் தொங்க விடுகிறோம். இதை யார் கேட்பது?

*

எம்.ஏ. தமிழ் படித்தவள் என்பதால் மெரினாவைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன்.

1959இல் மெரினாவில் உழைப்பாளர் சிலை வைத்தார்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நாலு பேர் பாறையைத் தள்ளுகிறார்கள். நாலு பேரும் ஆம்பளைங்க. கல்லும் மண்ணும் சுமந்து இந்தச் சென்னைப் பட்டணத்தைக் கட்டின சித்தாள் பொம்பளைங்களுக்கு அந்தப் பாறையில் கை வைக்க இடம் கிடைக்கவில்லை. நல்ல சிலைதான், நானும் நின்று பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எங்கம்மா ஞாபகம் வரும். சட்டி சுமந்து சுமந்து உச்சியில் முடி உதிர்ந்துபோன எங்கம்மா.

1968 ஜனவரியில் உலகத் தமிழ் மாநாட்டுக்குப் பத்துச் சிலை வைத்தார்கள். அதில் பொம்பளைங்க இரண்டு பேர். ஒருத்தி அவ்வை. ஒருத்தி கண்ணகி. அதாவது ஒன்று கிழவியாக இரு, இல்லையென்றால் பத்தினியாக இரு. கற்பின் பெயரால் மதுரையை எரித்தவளுக்குக் கடற்கரையில் இடம். அதே 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் கூலி கேட்ட சேரி மக்கள் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எரித்தவளைத் தெரிந்த தமிழுக்கு எரிந்தவர்களைத் தெரியவில்லை. 2001இல் கண்ணகி சிலையை எடுத்தபோது தமிழே போச்சு என்று கூக்குரல். 2006இல் திரும்ப வைத்தார்கள். எடுத்ததும் அரசியல், வைத்ததும் அரசியல். ஆக, தெருவில் நிற்கிற பெண் உருவம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அதிகாரத்துக்கு எப்போதும் தெளிவான கருத்து இருக்கிறது. நமக்குத்தான் 'படம்தானே' என்கிற அலட்சியம்.

*

இப்போது என் தம்பி சொன்னதைச் சொல்கிறேன். அவன் வாதத்தை மறைத்துவிட்டு என் வாதத்தை மட்டும் எழுதினால் அது நேர்மையில்லை.

அவன் சொன்னான்: "அக்கா, சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம்னு சொன்னதுக்குத்தான் எங்கப்பாவ ஊர்ல கட்டி வச்சி அடிச்சாங்க. அந்த மேளத்த விட்டு வெளிய வர்றதுக்கு ஒரு தலைமுறை ஆச்சி. நீ அத இழுத்தாந்து பொம்பள கையில குடுத்து, ஊர்க்காரன் போற வழியில வரையற. அவன் இன்னா சொல்வான்? ஆம்பளைங்க மாட்டேன்னானுங்க, இப்ப பொம்பளைங்கள வுட்டு அடிக்கறானுங்கன்னு சொல்ல மாட்டான்?"

சித்தப்பா முதுகில் அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அவன் சொன்னதை ஒதுக்கித் தள்ள முடியாது. அடிமை ஊழியமாக அடித்த பறை வேறு, மனசார எடுத்து அடிக்கிற பறை வேறு என்று மேடையில் பேசிவிடலாம். தழும்பு இருக்கிற முதுகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது லேசில்லை. வரைவதற்கு முன்னால் சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்கவில்லை. அது என் தப்பு. எழுத்திலேயே ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. போன வருசம் பிறந்தநாள் ஊர்வலத்துக்கு வெளியூரிலிருந்து பறைக்குழு வந்தது. என் தம்பிதான் முன்னால் ஆடினான். அந்தப் பேனரில் பறை இருந்தது, ஆம்பள கையில். அதுக்கு எவனும் சுண்ணாம்பு கரைக்கவில்லை. அப்படியானால் அவனுக்கு உறுத்தியது பறையா, பிடித்த கையா? திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் 1990களிலிருந்து பறை அடித்து ஆடுகிறார்கள். அவர்கள் மேடையில் அடித்தால் நாம் கைதட்டுகிறோம். நம் தெருச் சுவரில், நம் வீட்டுப் பொண்ணு சாயலில் ஒருத்தி அடித்தால் வாளியைத் தேடுகிறோம்.

நான் கேட்டேன்: "சரி தம்பி, பறைக்காரி விசயம் புரியுது. பாத்திரம் கழுவறவன் கையில பறை இல்லியே. அவன எதுக்கு அழிச்ச?"

ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "ஊர்ல சிரிப்பாங்கக்கா."

இதுதான் விசயம். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். ஊர்ல சிரிப்பாங்க! சாதி நம் ஆண்களை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். சட்டை போடாதே, தோளில் துண்டு போடாதே, மீசையை முறுக்காதே, ஊர்த் தெருவில் சைக்கிளில் ஏறாதே. ஆண் என்று ஒருத்தனுக்கு இந்தச் சமூகம் எதையெல்லாம் அடையாளமாகக் கொடுத்ததோ அதையெல்லாம் நம்மவனிடமிருந்து பிடுங்கியது. அதைத் திரும்பப் பிடுங்கினோம். அது கலகம், அது நியாயம். ஆனால் பிடுங்கியதும் எதைப் போட்டுக்கொண்டோம்? ஆண்டை கழற்றிப் போட்ட சட்டையை. அவன் வீட்டில் பொம்பள வாசல் தாண்ட மாட்டாள், அதனால் நம் வீட்டிலும் தாண்டக் கூடாது. அவன் பாத்திரம் கழுவ மாட்டான், அதனால் நாமும் கழுவ மாட்டோம். நம் மானத்தை அளக்கிற படி இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறது. அவன் சிரித்தால் நமக்குக் கூசுகிறது. அவன் அடித்த காலத்தில் எதிர்த்து நின்றோம். அவன் சிரிப்பான் என்று நினைத்ததற்கே நம் சுவரை நாமே அழித்தோம்.

நம் பொம்பளைங்க என்றைக்கு வாசல் தாண்டாமல் இருந்தார்கள்? கழனிக்கும், செங்கல் சூளைக்கும், கட்டட வேலைக்கும் போனது அவர்கள்தானே. உழைக்கும்போது தெரு அவளுக்கு உண்டு. நிற்க, பேச, சிரிக்க, படம் போட என்றால் மட்டும் தெரு இல்லையா? எங்கள் பெரியம்மா ஒரே வரியில் கேட்டார்கள்: "சுண்ணாம்பு கரைக்கத் தெரிஞ்ச கைக்கு சோத்துப்பானை கழுவத் தெரியாதாடா?"

*

இங்கே ஒரு முற்போக்கு நண்பர் வருவார். 'தமிழ்ப் பெண்ணுக்குத் தெரு ஓவியம் புதுசா, கோலம் இல்லையா?' என்பார். இருக்கிறது ஐயா. கோலம் யாருடைய வாசலில், எந்த நேரத்தில், யார் கையால்? விடியற்காலம், ஆம்பள எழுந்திருப்பதற்குள், தன் வீட்டு வாசல் அளவுக்கு மட்டும். வீட்டில் சாவு விழுந்தால் கிடையாது. எங்கள் ஆயா ஆண்டை வீட்டுக் கொட்டகையில் சாணி அள்ளினாள். அந்தச் சாணியைக் கரைத்துத் தெளித்துத்தான் அந்த வீட்டு வாசலில் கோலம் போட்டார்கள். சாணி தீட்டு இல்லை. அள்ளின கை தீட்டு. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு கோலத்தைக் கொண்டாடுங்கள், நானும் வருகிறேன்.

கோலம் எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்றும் பார்த்தோம். 2019 டிசம்பர் 29இல் சென்னை பெசன்ட் நகரில் சில பெண்கள் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று கோலம் போட்டார்கள். அதே அரிசி மாவு, அதே புள்ளி. போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போய் வைத்திருந்து பிறகு விட்டது. மறுநாளே பெரிய தலைவர்கள் வீட்டு வாசலில்கூட அந்தக் கோலம் வந்துவிட்டது. மங்களம் சொல்கிற வரைக்கும் கோலம் பண்பாடு. கேள்வி கேட்டால் அது குற்றம்.

காபூலில் ஷம்சியா ஹசானி என்று ஓர் ஓவியர். 2010 முதல் அந்த ஊர்ச் சுவர்களில் பெண்களை வரைந்தார். அவர் வரைந்த பெண்ணுக்குக் கண் மூடியிருக்கும், வாய் இருக்காது, பல படங்களில் கையில் ஓர் இசைக்கருவி இருக்கும். வாய் இல்லாதவளுக்கு அந்தக் கருவிதான் குரல். 2021 ஆகஸ்ட்டில் தாலிபான் உள்ளே நுழைந்த நாளில், ஒரு கடைச் சுவரில் இருந்த பெண்களின் முகத்தில் ஒருவர் வெள்ளை அடிக்கிற போட்டோ உலகமெல்லாம் போனது. எங்கள் பசங்களும் வாட்சப்பில் போட்டு வருத்தப்பட்டார்கள். என் தம்பியும் போட்டிருந்தான். ஒன்றரை வருசம் கழித்து அதே வெள்ளை, அதே முகம், சுவர் மட்டும் வேறு. அங்கே மதம் பேசி அடித்தார்கள், இங்கே மானம் பேசி அடித்தோம். தாலிபானும் நம் பசங்களும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெண் முகத்தைக் கண்டதும் கை எதைத் தேடுகிறது என்பதில் இருவருக்கும் பழக்கம் ஒன்றாக இருக்கிறது.

நியூயார்க் புரூக்ளினில் 2012இல் டாட்டியானா ஃபஸ்லலிசாதே என்கிற கறுப்பினப் பெண் ஓவியர் வேறு ஒரு வேலை செய்தார். தெருவில் ஆண்கள் செய்கிற சீண்டலைப் பற்றிப் பெண்களிடம் உட்கார்ந்து பேசினார். அவர்கள் முகத்தை வரைந்தார். அவர்கள் பேச்சையே வரியாக எழுதினார். அந்தத் தாளைப் பசை தடவித் தெருவிலேயே ஒட்டினார். என்னைச் சிரிக்கச் சொல்லாதே என்பதுதான் அதன் சாரம். எந்தத் தெருவில் சீண்டினானோ அந்தத் தெருவிலேயே அவன் பதில் படிக்க வேண்டும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த முறையை. முதலில் கேட்பது, பிறகு வரைவது.

பெங்களூரில் 2016இல் தொடங்கிய அரவாணி கலைத் திட்டம் திருநங்கையரையும் மற்றப் பெண்களையும் சேர்த்துச் சுவர்களில் வரைய வைக்கிறது. எந்தத் தெருவில் அவர்களைக் கல்லால் அடித்தார்களோ அந்தத் தெருவில் ஏணி போட்டு ஏறி நிற்கிறார்கள். எங்கள் தோழி அந்தப் படங்களைப் போனில் பார்த்துவிட்டு, "கட்டம் சரியா போட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். தொழில்காரியின் பாராட்டு அது.

கண்ணகி நகருக்கு வருவோம். கூவம், அடையாறு ஓரத்திலிருந்து விரட்டப்பட்ட சனங்களை 2000 முதல் கொண்டுபோய்க் கொட்டின இடம். அதற்கும் வைத்த பெயரைப் பாருங்கள், கண்ணகி! 2020 வாக்கில் அந்த அடுக்கு வீடுகளின் சுவர்களில் ஆள் உயரத்துக்கு மேலே பல மடங்கு ஓவியங்கள் வந்தன. ஓர் ஓவிய அறக்கட்டளையும் மாநகராட்சியும் பெயிண்ட் கம்பெனியும் சேர்ந்து செய்தது. வரைந்தவர்களில் தலித் பெண் ஓவியர் ஓஷீன் சிவாவும் உண்டு. அதில் எனக்குச் சந்தோசம்தான். குற்றவாளிகள் பேட்டை என்று பெயர் வாங்கின இடத்தைப் பார்க்க நாலு பேர் வந்தால் அங்கே இருக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் தலை நிமிரும். ஆனால் கேள்வியும் உண்டு. என்ன வரையலாம் என்று அந்த வீட்டு மாடியில் குடம் தூக்கி ஏறுகிறவளிடம் யார் கேட்டது? சுவருக்குக் கலர் வந்தது, வேலைக்குப் பட்டணம் போய்வர அவள் பஸ்ஸில் தொலைக்கிற நேரம் குறைந்ததா? வெளியிலிருந்து வந்து வரைந்துவிட்டுப் போகிற அழகை நாம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதையே விடுதலை என்று நம்பிவிடக் கூடாது. எங்கள் சுவரில் கலர் மட்டமாக இருந்திருக்கும், பறைக்காரியின் இடது கை கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. ஆனால் அது எங்கள் பொண்ணுங்க போட்ட கை. அதனால்தான் அதுக்குச் சண்டை வந்தது. கேள்வி கேட்காத படத்துக்கு எவனும் சுண்ணாம்பு கரைக்க மாட்டான்.

*

'முதலில் சாதி ஒழியட்டும், பெண் பிரச்சினை அப்புறம்' என்று சொல்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 1927 டிசம்பரில் மகாத்தில் மனுஸ்மிருதியை எரித்த கையோடு அம்பேத்கர் பெண்களைத் தனியாகக் கூட்டிப் பேசினார். தீண்டத்தகாதவள் என்று காட்டுகிற மாதிரி சேலை கட்டாதே, கனமான வெள்ளி நகைகளைக் கழற்று என்றார். பெண்கள் சேலைக்கட்டை மாற்றிக்கொண்டு மகாத் தெருவில் நடந்தார்கள். அவர் 'அப்புறம்' என்று சொல்லவில்லை. நூறு வருசம் ஆகப்போகிறது, நாம்தான் அப்புறம் அப்புறம் என்று தள்ளிக்கொண்டே வருகிறோம்.

காலனிச் சுவரில் என்ன வரைவது என்று முடிவு செய்கிற கூட்டத்தில் பெண்கள் உள்ளே உட்கார வேண்டும், வாசற்படியில் அல்ல. பிடிக்காவிட்டால் பகலில் வந்து வாதம் பண்ணு, ராத்திரியில் வாளி தூக்காதே. வரைந்தவள் பெயர் சுவரில் இருக்க வேண்டும். நம் முச்சந்தியில் வயசுக்கு வந்த பொண்ணுங்க பேனர் இனி கூடாது. இதைச் செய்ய எந்தச் சட்டமும் வேண்டாம், அரசாங்கப் பணமும் வேண்டாம். மனசுதான் வேண்டும்.

எங்கள் காலனியில் கூட்டம் நடந்தது. பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நாலு மணி நேரம் பேசினோம், கத்தினோம், சிலர் எழுந்து போனார்கள், போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். சித்தப்பா கடைசி வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும் என்னைப் பார்த்து, "வரைறதுன்னா தோலு எப்படி இழுத்துக் கட்றதுன்னு கேட்டுட்டு வரையறதில்லியா? வார் போட்டது தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. மே மாதம் கோடை மழை பெய்தது. எமல்ஷன் மேல் சுண்ணாம்பு நிற்காது என்று தோழி முதலிலேயே சொல்லியிருந்தார். செதில் செதிலாக உரிந்து பறைக்காரியின் வாயும் நீளமான இடது கையும் வெளியே வந்தன. பாத்திரம் கழுவுகிறவனுக்கு முட்டி வரைக்கும்தான் தெரிகிறது. பொண்ணுங்க திரும்ப வரையப்போகிறார்கள். இந்த முறை வாரைச் சரியாகப் போட சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். பாத்திரம் கழுவுகிறவனுக்கு மாடலாக வந்து குந்தச் சொல்லி என் தம்பியைக் கேட்டிருக்கிறார்கள்.

அவன் இன்னும் ஒத்துக்கவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.